துவைக்கக் கூடாத நாள்

ஆங்கர் லேன்,
சவுத் ஷீல்ட்ஸ்.
6 அக்டோபர் 1947, திங்கள்

கத்பர்ட் பர்விஸுக்கு,

ஹான்னா ஹெஸ்லப் எழுதுகிறேன். உன் அம்மாவின் எதிர்வீட்டுக்காரி, வில்ஃபின் மனைவி. நீ என்னை மறந்திருக்க முடியாது. என் புருஷனுடைய பெயரைத்தானே நாலரை வருஷத்துக்கு மேலாகச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு கார்டிஃபில் திரிகிறாய். நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. உறையின்மேல் வில்ஃப் ஹெஸ்லப் என்று எழுதினால்தான் தபால்காரர் உன் கையில் தருவார் என்பதால், அந்தப் பெயரை உனக்காக நானே எழுத வேண்டியதாகிவிட்டது. மூன்று உறைகளைக் கிழித்துப் போட்டேன்.

உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் அம்மா பெல்லா அத்தைக்குக் கண் போய் இரண்டு வருஷமாகிறது. எந்தக் காகிதம் வந்தாலும் தெருவைத் தடவிக் கடந்து என் வீட்டுக்குத்தான் கொண்டுவருவாள். "யாரு எழுதிருக்கான்னு பாருடி. பென்ஷன் ஆபீஸ்னா அடுப்புல போடு" என்று சொல்லிக்கொண்டே என் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பிரித்தேன். 'அன்புள்ள அம்மா, நான் சாகவில்லை' என்று முதல் வரி. அடுப்பில் கெட்டில் கொதித்து வழிந்ததை இறக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. "என்னடி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா?" என்று உன் அம்மா கிண்டல் செய்தாள்.

சாப்பலில் நினைவுக்கல் வைக்கிற கொத்தனார் எழுதியிருக்கிறார், பெயரெல்லாம் வெட்டி முடித்துவிட்டாராம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "எம்பிள்ளை பேரு எத்தனாவது?" என்று கேட்டாள். பதினாலாவது என்றேன். அதுமட்டும் பொய்யில்லை. சாப்பல் சுவரில் உன் பெயர் பதினாலாவதாகத்தான் இருக்கிறது. போரில் கடலோடு போன நம் தெருக்காரர்கள் இருபத்து மூன்று பேருக்கு அந்தக் கல். வில்ஃப் பெயர் அதில் இல்லை.

அவள் போன பிறகு உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ எழுதியதையே உனக்குச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பார். நாற்பத்து மூன்று பிப்ரவரி. ரஷ்யாவுக்கு டாங்கி ஏற்றிக்கொண்டு போக 'டார்ன் ஹெட்' கப்பல் துறையில் நின்றது. நீ அதில் கரியள்ளிப் போடுகிற ஆளாக வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டாய். அதற்கு முந்தின வடகடல் பயணத்தில், எரியும் எண்ணெயில் ஆட்கள் நீந்துவதைப் பார்த்ததிலிருந்து உனக்குக் கை நடுக்கம். ஞாயிற்றுக்கிழமை வில்ஃபைத் தேடிப் போய் அழுதாய். "ஒரே ஒரு தடவை எனக்காகப் போயிட்டு வா வில்ஃப், அடுத்த தடவை நானே போறேன்" என்று காலைப் பிடித்தாய். உன் கடலோடிப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தாய், அவனுடைய அடையாளக் கார்டை நீ வாங்கிக்கொண்டாய். புத்தகத்தில் இருந்தது பத்து வருஷப் பழைய படம். கொதிகலன் அறையில் கரி அப்பின முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

வில்ஃபின் நெஞ்சு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதா? ஆறு நாள் திறந்த படகில் கிடந்து பிழைத்து வந்தவன் அவன். இனிக் கடலுக்கே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நிலக்கரித் துறையில் சீட்டு எழுதுகிற வேலை பார்த்தான். சாதாரண உடுப்பில் பஸ் ஏறினால், "ஆம்பிளையாப் பொறந்தவன்லாம் சண்டைக்குப் போயிட்டான், இது சீட்டைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்று எவளாவது சொல்லுவாள். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். அப்படிப்பட்டவன் காலைத்தான் பிடித்தாய். அவனும் பைத்தியக்காரன், சரி என்றுவிட்டான். சொன்னால் நான் கதவை அடைத்துக்கொண்டு குறுக்கே படுப்பேன் என்று தெரிந்து, ப்ளைத் ஊர்த் துறையில் ஒரு வாரம் வேலை, நோராவுக்கு நல்ல ஷூ வாங்கலாம் என்று சொல்லிவிட்டுத் திங்கள் காலையில் கிளம்பினான்.

திங்கட்கிழமை நம் தெருவில் என்ன நாள், கத்பர்ட்? சலவை நாள். வீட்டு ஆம்பிளை கப்பல் ஏறுகிற அன்றைக்கு மட்டும் எந்தப் பெண்ணும் தொட்டியில் கை வைக்கமாட்டாள். அன்றைக்கு அவன் துணியைத் துவைத்தால் அவனையே கடலில் அலசி விட்டதாகும். உன் அம்மா அன்றைக்குத் துவைக்கவில்லை. மகன் கப்பல் ஏறுகிறான் என்று தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரிலேயே வில்ஃபின் இரண்டு சட்டையையும், கம்பளி உள்ளுடுப்பையும் அடித்துத் துவைத்துக் கொடி நிறையக் காயப்போட்டேன். நல்ல காற்று. பாட்டு வேறு பாடினேன். அதையும் என் தலையில் கட்டியவன் நீ.

கரடித் தீவைத் தாண்டி, பனி கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் 'டார்ன் ஹெட்' அடிபட்டது. மார்ச்சில் உன் அம்மாவுக்குத் தந்தி வந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. ப்ளைத்துக்குப் போய் விசாரித்தேன், அப்படி ஒருவன் வரவேயில்லை என்றார்கள். கப்பல் ஆபீஸில் கேட்டேன், அந்தப் பெயரில் எந்தக் கப்பலிலும் ஆள் இல்லை என்றார்கள். கடைசியில் ரேஷன் ஆபீஸ்காரி தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் வீட்டுக்காரரின் கார்டு கார்டிஃபில் பதிவாகியிருக்கிறது, நேற்றுகூட வெண்ணெய் வாங்கியிருக்கிறார் என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பொதுக் குழாயடியில் உன் அம்மா எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: "எம்பிள்ளை செத்தான். உம்புருஷன் ஓடினான். எந்த மூஞ்சியோட என் பக்கத்துல வாளி வெக்கிறே?" வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கண் போன பிறகுதான் அவள் மறுபடியும் என் வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் நோராவின் பெயரே 'கார்டிஃப்' என்று ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு ஒன்பது வயது, இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முப்பதாம் தேதி வியாழன் நண்பகல், கடல் பொங்கி ஏறும் நேரத்தில் லிவர்பூலிலிருந்து மனைவி குழந்தையோடு கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறாய், அதற்கு முன்னால் அம்மா வாயால் ஒரு ஆசீர்வாதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கேட்க வெட்கமாக இல்லை? சரி, நான் சொல்வதைக் கேள். இருபத்தாறாம் தேதி ஞாயிறு பதினோரு மணிக்குக் கல் திறப்பு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்களில் மூத்தவள் என்பதால் உன் அம்மாதான் துணியை விலக்கப்போகிறாள். அவள் துணியில் கை வைப்பதற்கு முன் நீ வந்து நிற்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன், செத்தவன் வில்ஃப் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். வராவிட்டால் உன் கடிதத்தை அங்கேயே சத்தமாகப் படிப்பேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
வில்ஃப் ஹெஸ்லப்பின் மனைவி,
ஹான்னா


ஆங்கர் லேன்,
17 அக்டோபர் 1947, வெள்ளி

கத்பர்ட் பர்விஸுக்கு,

உன் பதில் கிடைத்தது. ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆறு பக்கத்திலும் பயம்தான் இருக்கிறது. வந்தால் ஜெயில், சொன்னால் கல்யாணம் செல்லாது, குழந்தைக்குப் பெயரில்லாமல் போகும், கேட்டால் அம்மா நெஞ்சு வெடித்துச் சாவாள். போதும், நிறுத்து.

பயத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதே. அந்தக் கப்பல் கூட்டத்திலேயே வேறொன்றில் போய்த் திரும்பி வந்த சமையற்காரர் ஒருவர் இந்தத் தெருவில் இருக்கிறார். அந்தத் தண்ணீரில் விழுந்தவனுக்கு மூன்று நிமிஷம்தான் என்று அவர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நிமிஷத்தை இந்த இரண்டு வாரத்தில் நான் எத்தனை முறை கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நீ எழுதும்வரை அவன் அந்தத் தண்ணீரில் விழுந்தான் என்றே எனக்கு நிச்சயமில்லை. ஓடிப்போய்விட்டானோ என்று நானும் சில நாள் நினைத்தேன். கட்டினவளே அப்படி நினைக்கும்படி செய்தாய். அதற்காகவே உன்னை நான் விடமாட்டேன்.

நீ நடுங்கினது தப்பில்லை. அவன் காலைப் பிடித்ததைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேனோ என்னவோ. கப்பல் போய்விட்டது என்று தெரிந்த அன்றே ரயிலேறி வந்து, "ஹான்னா, வில்ஃப் போயிட்டான், என்னாலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன்னைத் துடைப்பத்தால் அடித்துவிட்டு உட்கார்ந்து அழுதிருப்பேன். நீ என்ன செய்தாய்? அவன் கார்டில் வெண்ணெய் வாங்கினாய். அவன் பெயரில் கல்யாண மோதிரம் போட்டாய். இந்தத் தெருவில் எத்தனையோ விதவைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார்கள். எனக்கு அந்தத் தொப்பிகூட இல்லை. நான் ஓடிப்போனவன் பெண்டாட்டி, கடைசி பெஞ்சு.

கப்பல் கிளம்பிய பிறகு கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் அனுப்புகிறேன், அம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்கிறாய். என்னிடம் பேரம் பேசாதே. அம்மா தினமும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள். கல் திறப்புக்கு என்ன போட்டுக்கொள்வது என்று என்னையே யோசனை கேட்கிறாள். நேற்று அவள் தொப்பிக்குப் புது நாடா தைத்துக் கொடுத்தது நான். ஊசி போகும்போதெல்லாம் உன் கண்ணில் குத்துவதாக நினைத்துத் தைத்தேன், தையல் நன்றாகவே வந்தது. "உனக்கு எம்மேல கோவமே இல்லியாடி?" என்று அவள் திடீரென்று கேட்டாள். எதற்கு என்றேன். "கொழாயடியில சொன்னதுக்கு" என்றாள். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

போலீசுக்குப் போகமாட்டேன். உன்னைப் பிடித்துக் கொடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கு வேண்டியது கல்லில் வில்ஃபின் பெயர். வில்ஃபின் கார்டையும் அனுப்பு, அதில் அவன் கையெழுத்து இருக்கிறது. இந்த வீட்டில் அவன் எழுதினது ஒரு வரிகூட இல்லை. ஞாயிறு பதினோரு மணி. முன்வாசல் வழியாக வா.

ஹான்னா ஹெஸ்லப்


ஆங்கர் லேன்,
31 அக்டோபர் 1947, வெள்ளி

கத்பர்ட்டுக்கு,

நீ எழுதியிருந்த, கனடாவில் உன் மைத்துனன் வீட்டு முகவரிக்கு இதை அனுப்புகிறேன். நீ இப்போது நடுக்கடலில் இருப்பாய். கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். நீயும் சேர்ந்தால்தான் இதைப் படிக்க முடியும்.

நீ வரவில்லை. சனிக்கிழமை உன் பொட்டலம்தான் வந்தது. நீ கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் வில்ஃபின் கார்டும் இருந்தன. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, இனிக் கார்டு எதற்கு என்று அனுப்பிவிட்டாய் போலும். எதற்காக இருந்தால் என்ன, வந்து சேர்ந்தது. 'ஹெஸ்லப்' என்பதில் கடைசி எழுத்துக்கு அவன் ஒரு வால் இழுப்பான். நோராவிடம் காட்டினேன். "அப்பா ஓடிப்போகலியா?" என்று கேட்டாள். இல்லடி என்றேன்.

ஞாயிறு உன் அம்மாவைக் கையைப் பிடித்து நான்தான் சாப்பலுக்குக் கூட்டிப்போனேன். பதினோரு மணி வரை வாசலையே பார்த்தேன். போதகர் ஜெபம் முடித்தார். அத்தை துணியை இழுத்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "பதினாலாவது எங்கேன்னு காட்டுடி" என்று என் கையைப் பிடித்தாள். அவள் விரலை உன் பெயரில் வைத்தேன். எழுத்து எழுத்தாகத் தடவினாள். "நல்லா ஆழமா வெட்டியிருக்கான், பாவி" என்று சிரித்தாள்.

உனக்குப் பொய் சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் படிக்காமலே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். நோரா அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு படித்தேன். 'அன்புள்ள அம்மா, நான் சாகவில்லை' என்பதிலிருந்து உன் வாக்குமூலத்தின் கடைசி வரி வரை, ஒரு எழுத்து விடாமல், திக்காமல் படித்தேன். நான் முடிக்கும்வரை உன் அம்மாவின் விரல் உன் பெயரிலேயே இருந்தது.

அவள் நெஞ்சு வெடிக்கவில்லை. மெதுவாகக் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "கொத்தனார் எங்கே?" என்று கேட்டாள். அவர் பயந்துகொண்டே முன்னால் வந்தார். "எம்பிள்ளை உசுரோட இருக்கானாம். உசுரோட இருக்கறவனுக்குக் கல்லு எதுக்குய்யா? செதுக்கி எடு. இவ புருஷன் பேரை அங்கே வெட்டு" என்றாள். போதகர் கமிட்டி அது இது என்று ஆரம்பித்தார். "சும்மா இருங்க ஐயா, கமிட்டியா அந்தத் தண்ணியில முங்கிச்சு?" என்று ஒரே போடாகப் போட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, ஊரே கேட்கும்படி சொன்னாள்: "கொழாயடியில அத்தனை பேர் முன்னால சொன்னேன். இப்போ அத்தனை பேர் முன்னாலயும் திரும்ப வாங்கிக்கிறேன். ஓடினது எம்பிள்ளை." ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஒரு குருட்டுக் கிழவி மூடினாள். முன்வரிசையில் யாரோ நகர்ந்து எனக்கும் நோராவுக்கும் இடம் விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உன் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். புதன்கிழமை வில்ஃபின் பெயரை வெட்டினார்கள். மற்றப் பெயர்களைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கிறது, தூசி படியும் என்றார் கொத்தனார். படியட்டும், துடைக்க நான் இருக்கிறேன்.

நான் வாங்க நினைத்த பழியை வாங்கிவிட்டேன். அதற்குமேல் நடந்தது நான் கேட்காதது.

புதன் சாயங்காலம் உன் அம்மா வந்து, "அவன் என்னிக்குடி கப்பல் ஏறுறான்?" என்று கேட்டாள். நாளை வியாழன், நண்பகல் என்றேன். ஆசீர்வாதம் கேட்டிருந்தாயே, ஏதாவது எழுதச் சொல்லப்போகிறாள் என்று காகிதத்தை எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். வியாழன் காலை ஆறு மணிக்கு அவள் பின்கட்டில் வெந்நீர்க் கொப்பரை புகைந்தது. நாற்பத்து மூன்றிலிருந்து பெட்டியில் பூட்டி வைத்திருந்த உன் துணிமணி முழுக்க, அவள் பின்னிய நீலக் கம்பளிச் சட்டையிலிருந்து காலுறை வரை, தொட்டியில் போட்டு அடித்துத் துவைத்தாள். கண் தெரியாதவள் தட்டித் தடவி, தன் சுவரிலிருந்து என் சுவருக்குத் தெருவின் குறுக்கே கொடி கட்டி, ஒவ்வொன்றாகக் காயப்போட்டாள். தெருப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் செய்வது என்ன என்று தெரியாதவள் அதில் ஒருத்திகூட இல்லை. யாரும் கிட்டே போகவில்லை. அவள் மட்டும் வாசலில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பத்து மணி வரை நன்றாகத்தான் இருந்தது. வேண்டும், நன்றாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்குக் காற்று எழும்பி அந்த நீலச் சட்டை கை இரண்டையும் தூக்கியது. எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அடுப்பைக் கிளறினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், எதுவும் ஓடவில்லை. பதினொன்றரைக்குத் தெருவில் இறங்கிக் கொடியில் கை வைத்தேன்.

கிளிப்பு எடுக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. "யாருடி அது, என் கொடியில கை வெக்கிறது?" என்றாள். நான்தான் என்றேன். "விட்டுடு. பெத்தவ நான்" என்றாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அவன் மூழ்கிச் செத்தா மறுபடியும் கல்லுல பேர் வெட்டச் சொல்லுவாங்க அத்தை. வில்ஃப் பக்கத்துல அவன் பேர் வர நான் விடமாட்டேன்" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்க் கூடையைக் கொண்டுவந்து என் பக்கம் நீட்டினாள். கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது, உன்னுடையது மாதிரியே. நண்பகல் சங்கு ஊதும்போது கொடியில் ஒரு காலுறைகூட இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. சாகும்வரை மன்னிக்கமாட்டேன். உன் துணியெல்லாம் ஈரமாகவே என் அடுப்படிக் கூடையில் கிடக்கிறது. நீ கரையில் கால் வைத்தாய் என்று தெரியும்வரை அதைக் கொடியில் போடமாட்டேன், பூசணம் பூத்தாலும் சரி. உன் அம்மா காலையிலிருந்து இரண்டு முறை வந்துவிட்டாள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறாள், கூடையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாள். தபால்காரர் வந்தாரா என்று மட்டும் கேட்கமாட்டாள்.

அதனால் போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுது. நல்லபடியாகப் போய்ச் சேர். கத்பர்ட் பர்விஸ் என்று கையெழுத்துப் போடு. அந்தப் பெயர் இப்போது கல்லில் இல்லை, நீ எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வில்ஃப் ஹெஸ்லப்பின் விதவை,
ஹான்னா